காக்கைக்குப் பின்விரல்

ஒரு காக்கையின் காலில் எத்தனை விரல்? ஜன்னல் பக்கம் திரும்பாமல் சொல்லுங்கள் பார்ப்போம். தினமும் பார்க்கும் பறவைதான். மின்கம்பியில், மொட்டை மாடியில், குப்பைத் தொட்டியின் விளிம்பில் என்று எங்கும் இருக்கிறது. சொல்ல முடியவில்லையா? வெட்கப்பட வேண்டாம். ஒரே காக்கையைப் பதினாறு வருடம் லென்ஸ் வைத்துப் பார்த்த ஒருவருக்கே தெரியவில்லை.

அவர் ஒரு வங்கியில் செக் பிரிவில் வேலை பார்க்கிறார். செக்கில் இருக்கும் கையெழுத்தையும் வங்கியில் வைத்திருக்கும் மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே கைதானா என்று பார்ப்பது அவர் வேலை. சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். ஆபீஸில் அவருக்கு ‘லென்ஸ்’ என்று பெயர். வீட்டில் கணவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. கல்யாணமான புதிதில் கைப்பிடி போட்ட பூதக்கண்ணாடி ஒன்றைத் தன் கையாலேயே தேய்த்து மனைவிக்குக் கொடுத்தார். “வேற யாராவது இருந்தா மோதிரம் குடுத்திருப்பாங்க. நான் போய் இதைக் குடுத்தேன். அன்னைக்கே என் சட்டைக் காலரைப் பார்க்க ஆரம்பிச்சவதான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்தக் கண்ணாடி சட்டைக் காலரைவிட அதிகமாகப் பார்த்தது பழைய படப் புத்தகங்களை. லென்ஸின் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருக்கிறது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். எல்லாம் குழந்தைகளுக்கு எழுதியவை, எல்லாம் ஐம்பது வருடத்துக்கு மேல் வயதானவை. கதைக்காக அவர் வாங்குவதில்லை. நீலத்தின் மேல் மஞ்சளைக் கொஞ்சம் தப்பிப் பதித்ததால் இலையின் ஓரத்தில் விழும் பச்சை நூலுக்காக வாங்குவார். தவளையின் முதுகு ஈரமாக இருக்கிறது என்று காட்ட ஓவியர் வரையாமல் விட்ட அந்த ஒரு வெள்ளைப் புள்ளிக்காக வாங்குவார்.

இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் குடும்பம்தான். கணவரின் தாய்மாமா ஊரறிந்த ஓவியர். கூடத்துச் சுவரில் அவருடைய பெரிய புகைப்படம் மாட்டியிருக்கிறது: வலது கையில் தூரிகை, பார்வை எங்கோ தூரத்தில். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த புத்தகம் ‘வீட்டைச் சுற்றி நாற்பது உயிர்கள்’. உள்ளே பன்னிரண்டு முழுப்பக்க வண்ணப் படங்கள், எழுத்துக்கு நடுவே நாற்பது சின்னக் கோட்டுப் படங்கள். ஊர் கொண்டாடுவது வண்ணப் படங்களை. லென்ஸ் மயங்கியது சின்னப் படங்களில். அவற்றில் எறும்புக்கு அவசரம் இருக்கும். பல்லிக்குக் கள்ளத்தனம் இருக்கும். பழைய பேப்பர் கடையில், கணக்கு நோட்டுகளின் அடியில் கிடந்த அந்தப் புத்தகத்தைப் பதினாறு வருடத்துக்கு முன் அவர் கண்டெடுத்தார். ஒரு பக்கம்கூடக் கிழியாத பிரதி. அதை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

ஒரு நாள் பதிப்பாளர் போன் செய்தார். புத்தகத்தை வெளியிட்ட பழைய முதலாளியின் பேரன். சிறப்புப் பதிப்பு போடப் போகிறார்களாம். அவர்கள் வைத்திருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. “உங்க பிரதியை ஒரு வாரம் குடுத்தீங்கன்னா படம் எடுத்துட்டுத் திருப்பித் தந்துடுவோம். உங்களுக்கும் பெருமைதானே மேடம், உங்க வீட்டு ஓவியர்!” லென்ஸ் சரி என்றார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை அலமாரியைத் திறந்தார்.

முப்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில் காக்கை. முருங்கைக்காய் போல் மெலிந்த கிளையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் படிப்பவரைப் பார்க்கும். அதன் காலுக்குப் பின்னால் யாரோ பென்சிலால் எதையோ வரைந்திருந்தார்கள். அரிசி மணி அளவுதான் இருக்கும். அதற்கு நிழலாக நான்கு சின்னக் கோடுகள். பென்சில் கரி இன்னும் மினுமினுத்தது. புதிது.

வீட்டில் லென்ஸ், கணவர், மாமியார் என்று மூன்று பேர். அலமாரிச் சாவி காலண்டருக்குப் பின்னால் தொங்கும். லென்ஸுக்கு முதலில் யார்மேல் சந்தேகம் வந்தது தெரியுமா? வாரம் மூன்று நாள் வீடு துடைக்க வரும் அக்காமேல். நம் எல்லோருடைய சந்தேகமும் தண்ணீரைப் போலத்தான், பள்ளத்தைப் பார்த்துத்தான் முதலில் ஓடும். படித்தவர்கள் நாம், நமக்கு அதில் மட்டும் வெட்கமே வருவதில்லை.

மறுநாள் அந்த அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தைக் காட்டினார்.

“இதை நீங்க தொட்டீங்களா?”

“உங்க அலமாரிப் பக்கம் துணியைக்கூட நான் கொண்டுபோறதில்லக்கா. அன்னைக்கு ஒரு சத்தம் போட்டீங்களே, அது போதாதா?” குனிந்து படத்தைப் பார்த்தார். “இதுல என்ன கெட்டுப்போச்சு? சரியாத்தானே போட்டிருக்கு.”

“என்ன சரி?”

“பின்விரல்க்கா. முன்னாடி மூணு, பின்னாடி ஒண்ணு. இது இல்லாட்டி காக்கா கிளையைப் பிடிக்க முடியுமா? தொப்புனு விழுந்துடும். இதை வரைஞ்சவங்கதான் மறந்துட்டாங்க. யாரோ திருத்தியிருக்காங்க.” வாளியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: “எவ்வளவு பெரிய கண்ணாடி வெச்சுப் பார்க்கறீங்க. இது தெரியலையா?”

லென்ஸின் காது சிவந்தது. திட்டலாம் என்றால் திட்ட விஷயம் இல்லை. அந்த அக்கா போன பிறகு பூதக்கண்ணாடியை எடுத்து, காக்கையை விட்டுவிட்டு, அந்த நான்கு பென்சில் கோடுகளை மட்டும் பார்த்தார். செக்கைப் பார்ப்பதுபோல.

வலது கைக்காரர் நிழலுக்குச் சாய்கோடு போட்டால் கோட்டின் தலை வலப்பக்கம் சாயும். இடது கைக்காரர் போட்டால் இடப்பக்கம் சாயும். நீங்களே போட்டுப் பாருங்கள், கை அப்படித்தான் போகும். இந்த நான்கு கோடுகளும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. வீட்டிலோ இடது கைக்காரர் யாரும் கிடையாது.

அதைவிடப் பெரிய இடி அடுத்த நிமிடம் இறங்கியது. காக்கையின் இறகில் அச்சாகியிருந்த நிழல் கோடுகளும் இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தன. பக்கம் பக்கமாகப் புரட்டினார். எறும்பு, பல்லி, அணில் எல்லாம் இடப்பக்கம். வண்ணப் படங்களில் கொக்கின் கழுத்து, எருமையின் வயிறு, அதுவும் இடப்பக்கம். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். மாமாவின் வலது கையில் தூரிகை.

அன்று இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் மெல்ல ஆரம்பித்தார். “ஏங்க, உங்க மாமா எந்தக் கையால வரைவாரு?”

“வலது கைதான். ஏன்?”

“அந்தப் புத்தகத்துல ஒரு படம்கூட அவர் போட்டதில்ல.”

கணவர் சிரித்தார். “நேத்து பால் பாக்கெட்ல ஓட்டை போட்டது பூனையில்ல, பால்காரர்னு சொன்ன. இன்னைக்கு எங்க மாமா. நாளைக்கு எனக்கும் உனக்கும் கல்யாணமே நடக்கலன்னு கண்டுபிடிப்ப.”

எதிரே உட்கார்ந்திருந்த அத்தை, அதாவது கணவரின் அம்மா, ஓவியரின் தங்கை, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருப்பவர் அதைக் கவனித்தார். அண்ணனைப் பற்றிப் பேசியதால் கோபம் என்று தப்பாகக் கணக்குப் போட்டார்.

அந்தப் பழைய அச்சகத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார். கல் அச்சுக்காரர். சைக்கிள் கடைக்கு மேல் ஒற்றை அறையில் குடியிருந்தார். லென்ஸ் அரைநாள் லீவு போட்டுப் புத்தகத்தோடு போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இந்தக் கலர்ப் படமெல்லாம் கல்லுல போட்டதும்மா. உங்க மாமா நேரா கல்லு மேலேயே வரைவாரு. அதுல பேப்பரை வெச்சு அழுத்தினா படம் இடம் வலமா மாறி விழும். கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியுதில்ல, அந்த மாதிரி. வலது கைக் கோடுதான் இது, திரும்பி நிக்குது. செக்குன்னு நினைச்சீங்களா? நல்ல மனுஷனைத் திருடன்னு சொல்லிட்டு வந்து நிக்கறீங்களே!”

இருபத்திரண்டு வருடம் செக்கையே பார்த்த கண். காகிதத்தில் இருப்பது கை நேராகப் போட்ட கோடு என்றே பழகிவிட்டது. நடுவில் ஒரு கல் இருந்ததை யோசிக்கவில்லை. லென்ஸ் மன்னிப்புக் கேட்டுப் புத்தகத்தை மூடப் போனார். மூடும்போது முப்பத்தொன்றாம் பக்கம் கண்ணில் பட்டது.

“இந்தச் சின்னப் படங்களும் கல்லுலதானா?”

“அதெப்படி? அது தகட்டு வேலை. பேப்பர்ல பேனாவால வரைஞ்சதைக் கேமராவுல பிடிச்சுத் துத்தநாகத் தகட்டுல எடுப்போம். எழுத்தோட சேர்த்து அழுத்துவோம். பக்கத்தைத் திருப்பி விரலால தடவுங்க. மேடு தட்டுப்படுதா? கல்லுப் படத்துல அது இருக்காது.”

தட்டுப்பட்டது. காக்கையின் முதுகு, தாளின் பின்பக்கம் மேடாக எழுந்து விரல் நுனியில் உரசியது.

“தகட்டுல எடுத்தா படம் திரும்புமா?”

“திரும்பாது. வரைஞ்சது எப்படியோ அப்படியே...” பெரியவர் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “எனக்கு மருந்து சாப்பிடற நேரம் ஆச்சும்மா. நீங்க கிளம்புங்க.”

“ஐயா, அப்போ சின்னப் படங்களைப் போட்டது யாரு?”

“நான் அழுத்தறவன். வரையறவன் இல்ல” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கணக்கு இப்போது எளிது. கல்லில் போட்ட படம் திரும்பும், தகட்டில் எடுத்தது திரும்பாது. அச்சில் இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன என்றால், வரைந்தவை இரண்டு வெவ்வேறு கைகள். பெரிய படங்கள் வலது கைக்காரர் மாமாவுடையவை. சின்னப் படங்கள் நாற்பதும் இன்னொருவருடையவை. அந்த இன்னொருவர் இந்த மாதம், இந்த வீட்டில், காலண்டருக்குப் பின்னால் இருந்த சாவியை எடுத்துக் காக்கைக்கு விரல் போட்டிருக்கிறார்.

லென்ஸ் மூன்று நாள் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை வலது கையால் காய் நறுக்கினார். வலது கையால் தலை வாரினார். டிவி ரிமோட், பால் பாத்திரம், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் வலது கை. ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதுதான் இடித்தது. வங்கியில் கள்ளக் கையெழுத்தைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நிஜக் கையெழுத்து அலட்சியமாக ஓடும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். கள்ளக் கையெழுத்து ஒவ்வோர் எழுத்தையும் யோசித்து, மெதுவாக, சரியாகப் போட்டிருக்கும். லென்ஸ் பீரோவிலிருந்து அத்தையின் பென்ஷன் படிவ நகலை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தார். ஒவ்வோர் எழுத்தும் யோசித்து, மெதுவாக, நடுங்கி நடுங்கிச் சரியாக இருந்தது. எழுபத்தொரு வயதுக்காரி தன் கையெழுத்தைத் தானே கள்ளத்தனமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை அத்தை சமையலறை மேடையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“அத்தை, காக்காவுக்குப் பின்விரல் போட்டது நீங்கதானே?”

“எந்தக் காக்கா?”

“முப்பத்தொண்ணாம் பக்கத்துக் காக்கா.”

“உன் புஸ்தகத்தை நான் ஏன் தொடறேன்? தொட்டா ரேகை எடுப்பியே நீ.” கத்தி வேகமாக ஓடியது. “என் அண்ணன் பேரைக் கெடுக்கத்தான் அலமாரி நிறைய சேர்த்து வெச்சிருக்கன்னு எனக்கு எப்பவோ தெரியும்.”

லென்ஸ் திகைத்துப்போனார். தான் ஒருத்திதான் இந்த வீட்டில் சந்தேகப்படுகிறவள் என்று நினைத்திருந்தார். அவர் ஒவ்வொரு படமாக லென்ஸ் வைத்துப் பார்த்தபோதெல்லாம், பதினாறு வருடமாக, அடுத்த அறையில் இன்னொருத்தர் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

“பேரைக் கெடுக்க இல்ல அத்தை. அந்த எறும்பைப் பார்க்காம எனக்குத் தூக்கம் வராது. அதுக்கு அவசரம் இருக்கு. அதைப் போட்டது யாருன்னு தெரியணும், அவ்வளவுதான்.”

கத்தி நின்றது.

“சர்க்கரை டப்பாவுக்குப் போற வழியில இருந்த எறும்பு அது. அவசரம் இருக்காதா?” என்றார் அத்தை. பிறகு கத்தியை இடது கைக்கு மாற்றினார். பீன்ஸ் சீராக, அலட்சியமாக, பார்க்காமலே நறுக்குப்பட்டு விழுந்தது.

அவர் சொன்னது இதுதான். சின்ன வயதில் அவர் எழுத உட்கார்ந்தால் அப்பா இடது கையைத் துண்டால் முதுகோடு சேர்த்துக் கட்டிவிடுவார். இடது கை குடும்பத்துக்கு ஆகாதாம். பதினேழு வயதில், மதிய நேரத்தில், எல்லோரும் தூங்கிய பிறகு, அதே கையால் வரைந்தார். அண்ணன் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. அச்சகத்துக்கு எடுத்துப் போனார். படம் பிரமாதம், ஆனால் இடது கையால் ஒரு பெண் வரைந்ததைக் குழந்தைகள் கையில் கொடுக்க மாட்டேன் என்றார் முதலாளி. அண்ணன் பெயரில் போடலாம் என்று அந்த அறையிலேயே முடிவானது. தங்கையை யாரும் கேட்கவில்லை.

மனிதனுக்கு இரண்டு கை. அதில் ஒன்று நல்லது, மற்றது கெட்டது என்று எந்த மடையன் பிரித்தான்? எலும்பிலா எழுதியிருக்கிறது, ரத்தத்திலா? வயிற்றுக்குள் இருக்கும் குடலுக்கும் நாளை வலம் இடம் பார்ப்பார்கள். ஒரு குழந்தையின் கையைத் துண்டால் கட்டியதற்குப் பெயர் வழக்கமாம். கட்டுமீறி அந்தக் கை செய்த வேலையை இன்னொருவர் பெயரில் விற்றதற்குப் பெயர் வியாபாரமாம்.

“காக்காவைப் போடும்போது அப்பா செருப்புச் சத்தம் கேட்டுச்சு” என்றார் அத்தை. “பேப்பரைப் பாய்க்கு அடியில தள்ளிட்டேன். பின்விரல் போடல. மறுநாள் அண்ணன் அப்படியே எடுத்துட்டுப் போயிட்டான். ஐம்பத்துநாலு வருஷமா அந்தக் காக்கா எப்படித்தான் கிளையில உக்காந்திருக்கோ! இப்ப மறுபடியும் அச்சுக்குப் போகுதுன்னு நீ போன்ல பேசினது கேட்டுச்சு. மறுபடியும் விரல் இல்லாமலே போகணுமா?”

வாசலில் கணவர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. “இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?”

“யாருடா கேட்டீங்க?”

“அப்போ மாமா...”

“கொக்கும் எருமையும் அவன் போட்டதுதான். அந்த மாதிரி எனக்கு வராது. சின்னதுதான் என்னுது. அவன் நல்லவன்தான். தன் பேரைப் போட்டுக்கிட்டான், என் பேரைச் சொல்ல மறந்துட்டான்.”

கணவர் கூடத்துக்குப் போய், மாமா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கழற்றவில்லை. திரும்பி வந்து மனைவியிடம் சொன்னார்: “திங்கட்கிழமை பதிப்பாளர்கிட்ட நானும் வரேன்.”

அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. “பேரெல்லாம் வேண்டாம். காக்காவுக்கு அந்த விரலை மட்டும் போடச் சொல்லுங்க.”

பதிப்பாளரின் அறையில் ஏசி குளிர்ந்தது. லென்ஸ் பக்கத்தைத் திருப்பி மேட்டைத் தடவச் சொன்னார், கோடுகளைக் காட்டினார், பென்ஷன் கையெழுத்தைக் காட்டினார். பதிப்பாளர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் தலையை ஆட்டினார்.

“விரல் போடறதா? மேடம், அவர் மேதை. அவர் கோட்டுல நாம கை வைக்கலாமா? அவர் ஒரு விரலை விட்டிருந்தா அதுலயும் ஏதோ அர்த்தம் இருக்கும்.”

“அர்த்தம் என்னன்னா, எங்க தாத்தா செருப்புச் சத்தம்” என்றார் கணவர்.

“குடும்பச் சண்டையை எங்ககிட்ட கொண்டுவராதீங்க சார். பிரதி குடுக்கறீங்களா இல்லையா?”

லென்ஸ் புத்தகத்தைப் பைக்குள் வைத்து எழுந்தார்.

நடந்ததை வீட்டுக்கு வந்து சொன்னார்கள். அத்தை கேட்டார்: “ஏதோ அர்த்தம் இருக்கும்னா சொன்னான்?” அவர் முகத்தில் அப்படியொரு கோபத்தை லென்ஸ் பார்த்ததே இல்லை. “என் தப்பைக்கூட அவனுக்கே குடுத்துட்டாங்களா? அப்போ பேரையும் போடச் சொல்லு. நாற்பதுக்கும் போடச் சொல்லு.”

போடவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பதிப்பாளருக்கு எங்கிருந்தோ அட்டை கிழிந்த வேறு ஒரு பிரதி கிடைத்துவிட்டது. சிறப்புப் பதிப்பு வழவழப்பான தாளில் வந்திருக்கிறது. முதல் பக்கத்தில் மாமாவின் புகைப்படம். முப்பத்தொன்றாம் பக்கத்தில் காக்கை, பின்விரல் இல்லாமல். இப்போது நூலகங்களிலும் பள்ளிகளிலும் இருக்கிறது. குழந்தைகள் பார்க்கிறார்கள்.

லென்ஸின் வீட்டிலும் ஒன்று வாங்கினார்கள். அதில் அத்தை இடது கையால், பேனாவால், விரலைப் போட்டார். அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டார். அலட்சியமாக ஓடிய கோணல் கையெழுத்து. லென்ஸ் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “இது ஒரிஜினல்” என்றார்.

இனி உங்கள் வேலை. அந்தப் புத்தகம் எங்கேயாவது உங்கள் கைக்கு வந்தால் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறங்கள். பென்சிலை எடுத்து, எந்தக் கை வருகிறதோ அந்தக் கையால், காக்கைக்குப் பின்விரல் போடுங்கள். அதற்குக் கீழே ‘இது தங்கை வரைந்தது’ என்று எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.